வெண்ணெய் சந்தைக்கு, மோர் எங்களுக்கு

சாத்தூர் பக்கத்துக் கரிசல் கிராமம் எங்களுடையது. எழுபதுகளில் நான் சிறுவன். விடிவதற்கு முன்பே அப்பத்தா மத்தை எடுத்துவிடுவாள். தூணில் கட்டிய கயிற்றைப் பிடித்து முன்னும் பின்னும் இழுக்க இழுக்க, பானைக்குள் சளப் சளப்பென்று தயிர் உடையும். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் கனத்து, தொப் தொப்பென்று மாறும். வெண்ணெய் திரண்டுவிட்டது என்று படுக்கையிலிருந்தே எங்களுக்குத் தெரிந்துவிடும். நானும் தம்பியும் எழுந்து ஓடிப்போய்ப் பக்கத்தில் குத்தவைத்துக்கொள்வோம். அப்பத்தா பானைக்குள் கையை விட்டு, விரலில் ஒட்டியதையெல்லாம் வழித்து உருட்டி, குளிர்ந்த தண்ணீர்ச் சட்டியில் போடுவாள். எருமைப் பால் வெண்ணெய். வெள்ளை வெளேரென்று மிதக்கும். ஆளுக்கு ஒரு நெல்லிக்காய் அளவு உள்ளங்கையில் விழும். அதற்குமேல் கை நீட்டினால், “சந்தைக்குப் போறதுய்யா, இதை வித்துத்தான் ஒனக்கு நோட்டு வாங்கணும்” என்பாள்.

வெண்ணெய் சந்தைக்குப் போகும். மோர் வீட்டில் தங்கும். கம்மங்கூழில் மோர், சோளச் சோற்றில் மோர், வெயிலில் வந்தவர்களுக்கு உப்புப் போட்ட நீர்மோர். இன்று கொழுப்பு நீக்கிய பால் என்று பாக்கெட்டில் அச்சடித்து விற்கிறார்கள் அல்லவா, கிட்டத்தட்ட அதைத்தான் நாங்கள் செம்பு செம்பாகக் குடித்து வளர்ந்தோம். பாலின் சத்தில் புரதமும் சுண்ணாம்பும் எங்களுக்கு வந்தன. கொழுப்பு மட்டும் காசாக மாறிப் பள்ளிக்கூடத்துக்குப் போனது.

இதை முன்னோர்களின் உணவு ஞானம் என்று நான் எழுத மாட்டேன். அப்பத்தாவுக்கு வெண்ணெய் பிடிக்கும். கையில் காசு இருந்திருந்தால் எங்கள் தட்டில் தாராளமாக வைத்திருப்பாள். வைக்க முடியாத வறுமை அவளுக்கு. எங்கள் வீட்டில் கொழுப்பைக் குறைவாக வைத்திருந்தது அந்த வறுமைதான். அந்த வறுமை போனதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அது செய்துகொண்டிருந்த ஒரு வேலையை அதற்குப் பிறகு யாரும் எடுத்துச் செய்யவில்லை. இந்த ஐம்பது ஆண்டுக் கதையின் சுருக்கம் இதுதான்.

எண்ணெய்ச்சட்டி காய்ந்த நாட்கள்

ஊர்க்கோடியில் ஒரு செக்கு இருந்தது. வாகை மரச் செக்கு, ஒற்றை மாடு. எள் ஆட்டும்போது கருப்பட்டியைத் தட்டிப் போடுவார்கள். எண்ணெய் பிரிந்து வர அது உதவும். அந்த இனிப்பு ஏறிய எள்ளுப் புண்ணாக்குக்காகச் சிறுவர்கள் செக்கைச் சுற்றியே நிற்போம். எண்ணெயைத் தூக்குச்சட்டியில் வாங்கி வந்து அப்பத்தாவிடம் கொடுத்தால், அது அடுப்படியில் அவள் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் ஏறிவிடும். தாளிக்க ஒரு சின்னக் கரண்டி. உளுந்தங்களிக்கு நடுவில் குழி பறித்து ஊற்ற ஒரு கரண்டி. சனிக்கிழமை தலைக்குத் தேய்க்கக் கொஞ்சம். இவ்வளவுதான் செலவு.

‘எண்ணெய்ச்சட்டி வைப்பது’ என்பது எங்கள் பக்கம் ஒரு நிகழ்ச்சி. தீபாவளிக்கு வைப்பார்கள், கல்யாணத்துக்கு வைப்பார்கள், கோயில் கொடைக்கு வைப்பார்கள். எந்த வீட்டில் எண்ணெய்ச்சட்டி காய்ந்தாலும் தெருவுக்கே மணக்கும். முறுக்கும் அதிரசமும் சீயமும் அந்த நாட்களுக்குச் சொந்தம். மற்ற நாட்களில் அடுப்பில் இருந்தது வேகவைத்ததும் கிண்டியதும் சுட்டதும்தான். கம்பு, சோளம், குதிரைவாலி. தொட்டுக்கொள்ளக் காணத் துவையல், மொச்சைப் புளிக்குழம்பு, கத்தரிக்காய்.

கரிசலில் தென்னை அருமை. தேங்காய் வெளியூரிலிருந்து வர வேண்டும். காசு கொடுத்து வாங்க வேண்டும். அதனால் சட்னி என்றால் பொரிகடலை, இல்லாவிட்டால் வறுத்த நிலக்கடலை. ஆட்டுக்கறி பண்டிகைக்குப் பண்டிகை. ஆடு அறுத்துக் கூறு போட்டதில் ஒரு கூறு வாங்கி வந்து, அதில் எட்டுப் பேர் சாப்பிடுவோம். குழம்பு மணக்கும், கறி கைக்கு இரண்டு துண்டு தட்டுப்படும்.

எங்கள் மாவட்டத்துக்குப் பேர்போன தின்பண்டங்கள் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, சாத்தூர் சேவு, விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா. மூன்றும் அன்றும் இருந்தன. யாராவது ஊருக்குப் போய் வந்தால் பொட்டலமாக வரும். பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்தால், தாளில் ஒட்டியதை நக்குவதற்குத் தம்பிக்கும் எனக்கும் சண்டை நடக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை சாப்பிட்ட பால்கோவாவால் யாருக்கும் எந்தக் கேடும் வரவில்லை.

பண்டிகை தினப்படியானது

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. முதலில் வந்தது வனஸ்பதி. 1937இலேயே இந்தியாவில் விற்பனைக்கு வந்த டால்டா, எங்கள் ஊர்க் கல்யாணப் பந்திக்கு வர வெகு காலம் ஆயிற்று. பனைமரப் படம் போட்ட அந்த மஞ்சள் டப்பா காலியான பிறகு வீட்டில் பருப்புப் போட்டு வைக்கவும் துளசிச் செடி வைக்கவும் உதவியது. நெய் வாங்க முடியாதவர்களுக்கு நெய்யைப் போன்ற ஒன்று கிடைத்தது. தாவர எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கியது அது. அப்படிக் கெட்டியாக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு, நெய்யைவிடக் கெடுதலானது என்பது பின்னால்தான் தெரிந்தது. உணவிலுள்ள எண்ணெயிலும் கொழுப்பிலும் அதன் அளவு 2 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்று நம் நாட்டில் 2022 ஜனவரியிலிருந்துதான் கட்டுப்பாடு வந்திருக்கிறது.

அடுத்து வந்தது பாமாயில். மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. உலகிலேயே மிக அதிகமாகப் பாமாயிலை இறக்குமதி செய்யும் நாடு இந்தியாதான். தமிழ்நாட்டில் 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்போடு பாமாயிலும் ரேஷன் கடைக்கு வந்தது. லிட்டர் 25 ரூபாய். விலைவாசி ஏறிய நாட்களில் ஏழை வீட்டு அடுப்பு எரிய அது துணை நின்றதை யாரும் மறுக்க முடியாது. கடலை எண்ணெய்க்கு அதைப்போலப் பல மடங்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும்போது, கூலி வேலைக்குப் போகும் ஒரு தாயிடம் ‘நல்ல எண்ணெய் வாங்கு’ என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வராது.

ஆனால் எண்ணெய் மலிந்ததும் எண்ணெய்ச்சட்டியும் தினமும் காய ஆரம்பித்துவிட்டது. டீக்கடையில் காலையிலேயே வடை. மாலையில் பஜ்ஜி. பேக்கரிகள் வந்தன, பப்ஸும் கிரீம் பன்னும் வெண்ணெய் பிஸ்கட்டும் வந்தன. பப்ஸின் அந்த மெல்லிய அடுக்குகள் பிரிந்து நிற்க வேண்டுமென்றால், ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் கெட்டிக் கொழுப்பு இருந்தே தீர வேண்டும். பால் பாக்கெட்டில் வந்தது. வெண்ணெய் எடுக்காத முழுப் பால் நாள்தோறும் காப்பியிலும் டீயிலும் தயிரிலும் வீட்டுக்குள் நுழைந்தது. தேங்காய்ச் சட்னி இல்லாமல் இட்லி இறங்காது என்றாயிற்று. பிரியாணிக்கு ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டியதில்லை. பால்கோவாவைக் கைப்பேசியில் கேட்டால் வாசலுக்கு வருகிறது.

விருதுநகருக்குப் போனால் இன்றும் மாலையில் பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நின்று பார்ப்பேன். அந்தக் கை வேலையில் எனக்கு மரியாதை உண்டு. எண்ணெயில் ஊறிய மாவுருண்டையை எடுத்துத் தட்டி, வீசி, கண்ணாடிபோல் மெலிதாக்கிச் சுருட்டி, பிறகு குழிந்த கல்லில் நிற்கும் எண்ணெயில் மிதக்க விடுவார் மாஸ்டர். பொன்னிறமாகப் பொரிந்ததும் எடுத்து அடுக்கி இரண்டு கையாலும் தட்டி நொறுக்குவார். ஒருமுறை ஒரு மாஸ்டரிடம், “என்ன எண்ணெய்ண்ணே?” என்று கேட்டேன். “பாமாயில்தான் சார். கடலை எண்ணெயில போட்டா வெலை கட்டுபடியாகாதே” என்றார். அவர் மறைக்கவும் இல்லை. அவர் சொன்னதில் தவறும் இல்லை. பரோட்டாவும் அன்றைக்கு இருந்த பரோட்டாதான். அன்று அதைச் சாப்பிட ஒரு காரணம் வேண்டும். இன்று சாப்பிடாமல் இருக்கத்தான் காரணம் வேண்டியிருக்கிறது.

மார்கழியில் உறைவது எது?

நிறைவுற்ற கொழுப்பு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு மார்கழி மாதத்தை நினைவுபடுத்துவேன். பனி கொட்டும் காலையில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தால் விழாது. வெயிலில் வைத்து இளக்க வேண்டும். நெய்யும் உறைந்து நிற்கும். பக்கத்தில் இருக்கும் நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் தண்ணீராய் ஓடும். எந்தக் கொழுப்பில் நிறைவுற்ற வகை அதிகமோ அது எளிதில் கெட்டியாகும். அடுப்படியிலேயே இருக்கும் பாடம் இது.

எண்ணில் சொன்னால் இன்னும் தெளிவாகும். ஒரு மேசைக்கரண்டித் தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஏறக்குறைய 12 கிராம். நெய்யில் 8 முதல் 9 கிராம். பாமாயிலில் 6 கிராம் அளவில். கடலை எண்ணெயில் இரண்டரை கிராமுக்குள். நல்லெண்ணெயில் 2 கிராம். சூரியகாந்தி எண்ணெயில் ஒன்றரை கிராம்.

இது அதிகமாக உள்ளே போனால் என்ன ஆகும்? நம் இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ராலைத் திரும்ப இழுத்துக்கொள்வது கல்லீரலின் வேலை. நிறைவுற்ற கொழுப்பு கூடக் கூட, கல்லீரல் அதை இழுத்துக்கொள்ளும் வாசல்கள் குறைகின்றன. இரத்தத்தில் எல்.டி.எல். தங்குகிறது, வருடக்கணக்கில் இரத்தக் குழாயின் சுவரில் படிகிறது. ஆகவே ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று எண்ணெய்ப் பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் சொல்லிக்கொள்ளும்படி கொலஸ்ட்ரால் கிடையாது, பாமாயிலிலும் கிடையாது. அதைச் சாப்பிடுகிறவர் உடம்பில் கொலஸ்ட்ரால் ஏறுகிறதா என்பதே கேள்வி.

ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவையான ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பிலிருந்து வரக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 22 கிராம். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளும் லேபிள் கணக்குக்கு இதே 22 கிராமைத்தான் எடுத்துக்கொள்கின்றன. கொழுப்பு நிறைந்த பால் இரண்டு டம்ளரும், ஒரு மேசைக்கரண்டி நெய்யும் சேர்ந்தாலே அது தீர்ந்துவிடும். வடையும் பப்ஸும் பரோட்டாவும் அதற்கு மேல்தான்.

தெற்காசியர்களான நமக்கு இதில் கூடுதல் எச்சரிக்கை தேவை. பல நாடுகளில் மாரடைப்பு நோயாளிகளை ஆராய்ந்து 2007இல் வெளியான ஒரு முக்கியமான ஆய்வு, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றது. மற்ற நாட்டவர்களுக்கு அது ஏறக்குறைய 59. ஆறு வருடம் முந்திக்கொண்டு வருகிறது.

தம்பியின் நோட்டு

என் தம்பிக்கு மாரடைப்பு 46 வயதில் வந்தது. கடையை அடைத்துவிட்டு வந்தவன் நெஞ்சைப் பிசைகிறது என்றிருக்கிறான். வாயு என்று நினைத்து ஒரு சோடாவைக் குடித்திருக்கிறான். வியர்த்துக் கொட்டிய பிறகுதான் தம்பி மனைவி பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி, அவர் காரில் மதுரைக்குக் கொண்டு போனாள். ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். சிகரெட் குடிக்காதவன். நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கும் வியாபாரம். எந்த ஒன்றையும் தனியாகக் காரணம் என்று கைகாட்ட முடியாது என்றார் மருத்துவர். பரம்பரை, உப்பு, சர்க்கரை, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்துதான் இருக்கும். ஆனால் எல்.டி.எல். 168 இருந்தது. “மாத்திரை நான் தர்றேன். சாப்பாட்டை நீங்கதான் பாத்துக்கணும்” என்றார்.

அங்கிருந்த உணவு ஆலோசகர், ஒரு வாரத்துக்கு வீட்டுக்குள் வந்த கொழுப்பையெல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். தம்பி மனைவி பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினாள். அந்த நோட்டை நான் பார்த்தேன். ஆரஞ்சுப் பாக்கெட் பால் தினம் ஒரு லிட்டர். ரேஷன் பாமாயில், அது போக இன்னும் இரண்டு லிட்டர் எண்ணெய். வாரத்துக்கு நான்கு தேங்காய். நெய்த் தோசை மூன்று நாள். சாயங்காலம் கடைக்கு வந்த பப்ஸ், வடை, பஜ்ஜி ஆறு நாள். பரோட்டா இரண்டு ராத்திரி. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. டீயோடு பிஸ்கட், கணக்கில்லை.

“அத்தான், அடுப்படியில நான் ஊத்துனது பாதிகூட இல்லை. மிச்சமெல்லாம் பொட்டலத்துல ஒளிஞ்சு வந்திருக்கு” என்றாள். பெரிய ஆராய்ச்சியாளர்கள் சொல்ல வேண்டிய வாக்கியம் அது. அப்பத்தா காலத்தில் வீட்டுக்குள் வந்த கொழுப்பு முழுவதும் ஒரு தூக்குச்சட்டியில் கண்ணுக்குத் தெரிந்தது. தீர்ந்தால் தீர்ந்தது தெரியும். இன்று பிஸ்கட்டுக்குள் இருப்பதும் பப்ஸுக்குள் இருப்பதும் எந்தச் சட்டியிலும் தெரிவதில்லை.

கரேலியாவில் நடந்தது

ஒரு வீடு மாறலாம். ஊரும் நாடும் மாறுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி உண்டு. பின்லாந்தின் கிழக்கே வடக்குக் கரேலியா என்ற மாகாணம். காடும் ஏரியும் பால் பண்ணையும் நிறைந்த ஏழைப் பகுதி. 1970 வாக்கில் அங்கே நடுவயது ஆண்கள் மாரடைப்பில் கொத்துக் கொத்தாய்ச் செத்தார்கள்; உலகிலேயே மிக மோசமான நிலை. எங்களைக் காப்பாற்றுங்கள் என்று அந்த மாகாணத்துப் பிரதிநிதிகளே 1971இல் அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். மறுவருடம் திட்டம் தொடங்கியது. பொறுப்பேற்ற பெக்கா புஸ்காவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

அங்கே ரொட்டியில் வெண்ணெயைக் கெட்டியாகத் தடவுவார்கள், முழுக் கொழுப்புப் பாலைக் குடிப்பார்கள், காய்கறியைக் கால்நடைத் தீவனம் என்பார்கள். புஸ்காவின் குழு ஆஸ்பத்திரிக்குள் உட்கார்ந்திருக்கவில்லை. இல்லத்தரசிகளின் சங்கமான மார்த்தாக்களோடு சேர்ந்து, பழகிய உணவையே கொழுப்புக் குறைத்துச் சமைத்துக் காட்டி ஊரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாசேஜ் செய்பவர்களிடம் பேசிக் கொழுப்பைக் குறைத்துக் காளானைச் சேர்க்கச் செய்தார்கள். பால் மாட்டை நம்பியிருந்த விவசாயிகளுக்கு அந்த மண்ணில் விளையும் பெர்ரிப் பழச் சாகுபடிக்கு வழி காட்டினார்கள். யார் அதிகம் கொலஸ்ட்ராலைக் குறைப்பது என்று ஊருக்கு ஊர் போட்டி வைத்தார்கள். நாற்பது வருடத்தில் அங்கே உழைக்கும் வயது ஆண்களின் மாரடைப்புச் சாவு 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டது. புகையும் இரத்த அழுத்தமும் குறைந்ததும் அதில் சேரும். என்றாலும் பெரும் பங்கு, சாப்பாடு மாறி இரத்தக் கொலஸ்ட்ரால் இறங்கியதற்கே.

வெண்ணெயைக் கைவிடுவது ஒரு கரேலியனுக்கு எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நமது அன்றாடச் சமையலின் அடிப்படை ஏற்கெனவே இட்லியும் சாம்பாரும் கூழும் துவையலும் கீரையும்தான். அதன் மேல் ஏறியிருப்பதை இறக்கினால் போதும்.

தம்பி வீட்டில் இன்று

தம்பி வீட்டில் பெரிய புரட்சி எதுவும் நடக்கவில்லை. பால் பாக்கெட்டின் நிறம் மாறியது. ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட்டில் கொழுப்பு 6 விழுக்காடு, நீலத்தில் 3. ஒரு லிட்டருக்கு 30 கிராம் கொழுப்பு குறைந்தது. அதில் நிறைவுற்றது மட்டும் ஏறக்குறைய 19 கிராம். நிறத்தை மாற்றியதைத் தவிர வேறு எந்தச் சிரமமும் இல்லை. முதல் வாரம் காப்பி தண்ணீராக இருக்கிறது என்றான். மூன்றாவது வாரம் மறந்துவிட்டான்.

எண்ணெய் கடலையும் நல்லெண்ணெயுமாக ஆனது. விலை அதிகம் என்பதால் அளவு தானாகக் குறைந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, ஒருவருக்கு ஒரு நாளைக்கு எண்ணெயும் நெய்யும் சேர்த்து 27 கிராம் என்கிறது. நான்கு பேர் வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர் அளவில் வரும். தம்பி மனைவி மாதம் பிறந்ததும் மூன்று லிட்டரைத் தனியாக எடுத்து வைத்துவிடுகிறாள்; கடையில் சாப்பிடுவதற்காக அரை லிட்டரை அவளே கழித்துக்கொள்கிறாள். தூக்குச்சட்டி திரும்பி வந்ததுபோல்தான்.

தேங்காயை விலக்கவில்லை. நூறு கிராம் தேங்காய்த் துருவலில் ஏறக்குறைய 30 கிராம் நிறைவுற்ற கொழுப்பு இருக்கிறது; ஆகவே அது பொரியலுக்கு மேலே தூவுகிற அளவுக்கு வந்துவிட்டது. சட்னி, அப்பத்தாவின் சட்னி: வறுத்த நிலக்கடலை, வரமிளகாய், புளி, பூண்டு. ஒரு நாள் பொரிகடலை, ஒரு நாள் காணத் துவையல். நிலக்கடலையிலும் கொழுப்பு உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி இதயத்துக்கு இசைவான வகை. கோழியைத் தோல் உரித்து வாங்குகிறார்கள். கறிக்குப் பதில் வாரம் இரண்டு நாள் மத்தி மீன், அயிலை. இரண்டும் மலிவான மீன்கள்; ஆனால் அவற்றின் கொழுப்பு இதயத்துக்குத் துணை. குழம்பு வைத்தாலே போதும், பொரிக்க வேண்டாம்.

சாயங்காலப் பொட்டலத்தை நிறுத்துவதுதான் கடினமாக இருந்தது. கடையில் நாலு மணிக்குப் பசிக்கும். சும்மா நிறுத்தினால் நிற்காது. அந்த இடத்தில் இன்னொன்றை வைத்தார்கள்: வேகவைத்த கடலை, சுண்டல், கொய்யா. இது முக்கியம். பப்ஸை விட்டுவிட்டு மைதா ரொட்டிக்கும் இனிப்புப் பானத்துக்கும் போனால் உடம்புக்கு எந்த நன்மையும் இல்லை. எதை விட்டோம் என்பதைப் போலவே, அதன் இடத்தில் எதை வைத்தோம் என்பதும் கணக்கில் வரும். பரோட்டா போகவில்லை, மாதம் ஒரு முறை குடும்பத்தோடு போய்ச் சாப்பிடுகிறார்கள். பால்கோவா தீபாவளிக்கு வருகிறது. தீபாவளிக்கு எண்ணெய்ச்சட்டியும் காய்கிறது. பண்டிகையைப் பண்டிகைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஏழு மாதத்துக்குப் பிறகு பார்த்தபோது தம்பியின் எல்.டி.எல். 71. மாத்திரைக்கு அதில் பெரும் பங்கு உண்டு. சாப்பாட்டுக்கும் பங்கு உண்டு. மாத்திரை போடாத தம்பி மனைவிக்கும் 141இலிருந்து 118க்கு இறங்கியிருந்தது. அந்தத் தாளைத்தான் அவள் எல்லோரிடமும் காட்டினாள்.

அரசுக்கும் உங்களுக்கும்

தமிழ்நாட்டில் மருத்துவம் கிராமத்து வாசலுக்கே வந்துவிட்டது. மக்களைத் தேடி மருத்துவம் 2021இலிருந்து வீட்டுக்கு வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. 2023இலிருந்து இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் கிடைக்கின்றன. பெருமைப்பட வேண்டிய செயல்கள் இவை. அடுத்த படி ரேஷன் கடையில் இருக்கிறது. அங்கே கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் வர வேண்டும் என்று விவசாயிகள் பல வருடமாகக் கேட்கிறார்கள். தேங்காய் எண்ணெய் வேண்டும் என்றும் ஒரு கோரிக்கை இருக்கிறது. தென்னை விவசாயியின் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் இதயத்தின் பக்கம் நின்று பார்த்தால் கடலையும் எள்ளுமே சரி. மானாவாரியில் அவற்றை விளைவிக்கும் எங்கள் கரிசல் விவசாயிக்கும் அது வாழ்வு. கூலிக்காரத் தாய்க்கு நல்ல எண்ணெய் 25 ரூபாய்க்குக் கிடைக்கிற நாளில்தான் அவளிடம் தேர்ந்தெடுக்கச் சொல்லும் உரிமை நமக்கு வரும்.

கையில் காசு உள்ள நாம் அதுவரை காத்திருக்க ஒரு நியாயமும் இல்லை. அன்று வறுமை நமக்காகத் தேர்ந்தெடுத்தது. இன்று நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நாளைக் காலை பால் வாங்கும்போது பாக்கெட்டில் கொழுப்பு எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். பிஸ்கட் வாங்கும்போது திருப்பிப் பார்த்து, நிறைவுற்ற கொழுப்பு எத்தனை கிராம் என்று படியுங்கள். உங்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 22 கிராம்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உறைந்த தயிர் இருந்தால் மேலே படிந்த ஆடையை எடுத்துவிட்டு, தண்ணீர் விட்டுக் கடைந்து, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு ஒரு செம்பு மோர் குடியுங்கள். உங்கள் பிள்ளைக்கும் ஒரு செம்பு கொடுங்கள்.